லஞ்சிங்: எந்தக் கயிறு, எந்த வார்? திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக ஓட்டிப் பழக்கும் லஞ்சிங் பற்றி வந்த கேள்விகள் இவை. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம். பதில்கள் வந்தபடியே.

கிண்ணியா: போட் கட்டுற நைலோன் கயிறு நிறையக் கிடக்கு. அதையே பாவிக்கலாமா?

வேண்டாம். குதிரை ஒருதரம் வெட்டி இழுத்தால் நைலோன் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போகும். உருண்டைக் கயிறு பிடியிலும் நிற்காது. தட்டையாக நெய்த பருத்தி நாடா எடுங்கள், 8 மீற்றர் நீளம். நுனியில் சுழலும் கொக்கி இருக்கவேண்டும், இல்லையென்றால் பத்துச் சுற்றில் நாடா முறுக்கேறிவிடும். கொக்கி பித்தளையா துருப்பிடியாத உருக்கா என்று பார்த்து வாங்குங்கள். நம்முடைய உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் கொக்கி இறுகி, அவசரத்தில் திறக்காது.

எப்போதும் சொல்வதுதான்: மிச்சக் கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். மடிப்பு மடிப்பாக உள்ளங்கையில் அடுக்குங்கள். சுற்றிய வளையம் இறுகினால் போவது விரல். கையுறையும் கட்டாயம்.

நிலாவெளி: புதிதாகத் தொடங்குகிறேன் அண்ணை. ஒன்லைனில் ஏகப்பட்ட வார்கள் விற்கிறார்கள். முதலில் எதை வாங்க?

கேவசன். அதுக்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.

கேவசன் என்பது மூக்குப்பட்டியின் மேலே வளையம் பொருத்திய தலைக்கட்டு. கயிறு நடு வளையத்தில் மாட்டப்படுவதால் இழுப்பு மூக்கெலும்பில் விழும், வாய் தப்பும். இது இல்லாதவர்கள் வாய்க்கம்பியில் மாட்டுகிறார்கள். உள்பக்க வளையத்தில் மாட்டினால் கம்பி வாய்க்குள் ஊடாக இழுபடும். நாடிக்குக் கீழால் கொண்டுபோய் மற்றப் பக்கத்தில் மாட்டினால் தாடை பாக்குவெட்டிக்குள் அகப்பட்டது போல. உச்சந்தலைக்கு மேலால் கொண்டுபோனால் கம்பி கடைவாயைக் கிழிக்கிற மாதிரி மேலே ஏறும்.

கேவசன் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க: கன்ன எலும்பின் மேடு முடிகிற இடத்துக்கு இரண்டு விரல் கீழே மூக்குப்பட்டி இருக்கவேண்டும். அதைவிடக் கீழே போனால் மெல்லிய எலும்பையும் மூச்சையும் அமுக்கும். தாடையைச் சுற்றும் பட்டி தளர்வாக இருந்தால் முழுத் தலைக்கட்டும் திரும்பி, வெளிப்பக்கக் கன்னவார் கண்ணுக்குள் ஏறும். வாங்கின பலரும் தவறவிடுவது இந்தப் பட்டியைத்தான்.

அடுத்தது நாடா, கையுறை, சாட்டை. சாட்டை அடிக்க அல்ல, காட்ட. உங்கள் கை முனை, கயிறு ஒரு பக்கம், சாட்டை மறுபக்கம், குதிரை அடிப்பக்கம் என்று முக்கோணம் விழவேண்டும். பின்முழங்காலை நோக்கிக் காட்டினால் முன்னே போ, தோளை நோக்கிக் காட்டினால் வெளியே போ. முதல் இரண்டு மாதத்துக்கு இவ்வளவும் போதும்.

உப்புவெளி: கடற்கரை மணலில் ஓட்டினால் கால் பலப்படும் என்கிறார்கள்?

காய்ந்த ஆழமணலில் ஒவ்வொரு அடியும் புதைந்து எழும்பும்போது தசைநாண் இழுபடும். அலை நனைத்த மணல் இறுக்கம்தான், ஆனால் சரிவு. வட்டத்தில் பாதி ஏற்றம், பாதி இறக்கம், அதையே நூறுதரம் சுற்றினால் மூட்டுக்குக் கேடு. சமதரையில் 10 சென்ரிமீற்றர் அளவில் மணல் பரப்பிய வளவு போதும். கச்சான் வீசும் மாதங்களில் காலை ஏழுக்கு முன் முடியுங்கள். ஓய்வில் குதிரையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. வேலை முடிந்து பத்து நிமிடமாகியும் 60க்கு இறங்கவில்லையென்றால் அன்றைய வெயில் அதுக்கு அதிகம். தண்ணீர் ஊற்றி நிழலில் நடத்துங்கள்.

பாலையூற்று: என் குதிரை தலையை வானத்துக்குத் தூக்கிக்கொண்டே ஓடுது. தலையை இறக்க எது நல்லது?

முதலில் பல்லையும் முதுகையும் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். நோவால் தூக்கும் தலையை வாரால் கட்டி இறக்குவது காய்ச்சல்காரனின் வாயைப் பொத்துவது மாதிரி. வட்டத்தையும் பெரிதாக்குங்கள். 20 மீற்றர் வட்டம் என்றால் 8 மீற்றர் நாடாவோடு நீங்களும் நடுவில் 2 மீற்றர் ஆரையில் நடக்கவேண்டும். சின்ன வட்டத்தில் சமநிலை தேடித்தான் பல குதிரைகள் தலையைத் தூக்குகின்றன.

அதுக்குப் பிறகும் வேண்டுமென்றால் சைட் ரெயின் என்கிற பக்கவார். வயிற்றுப்பட்டியிலிருந்து வாய்க்கம்பிக்கு, இரண்டு பக்கமும். மூன்று வகை கிடைக்கும். முழு இலாஸ்டிக் வார் திருப்பி இழுக்கும், குதிரை அதில் சாய்ந்து தொங்கப் பழகும். றப்பர் வளையம் வைத்தது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், ஆனால் பாரமான வளையம் ஓட்டத்தில் ஆடி வாயைத் தட்டும், அதனால் இலேசான வளையமாகப் பார்த்து எடுங்கள். வெறும் தோல்வார் தெளிவானது, பழகாத வாய்க்குக் கடினம்.

மாட்டும் உயரம் தோள்முனை மட்டம். முதல் நாள் சும்மா நிற்கும்போது வார் தொய்ந்து கிடக்கவேண்டும். கிழமைக்கு ஒரு துளை என்று குறைத்து, இலேசாகத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். மூக்கு செங்குத்துக் கோட்டுக்கு முன்னால்தான் இருக்கவேண்டும், உள்ளே வந்தால் வார் கட்டை. வாரில்லாமல் பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றிய பிறகு, வட்டத்தில் வைத்து மாட்டி, உடனே முன்னே விடுங்கள். நின்ற நிலையில் அடைபட்ட குதிரை பின்னங்காலில் எழும்பி மல்லாக்காக விழும். நடையில் வாரைக் கழற்றிவிடுங்கள். நடையிலும் கன்ரர் என்கிற மெதுவான பாய்ச்சலிலும் தலை இயல்பாகவே ஆடும், றொட் என்கிற சீரான துள்ளோட்டத்தில்தான் அசையாது. ஆகவே வார் றொட்டுக்கு உரியது. மொத்தம் 20 நிமிடம், ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் திசை மாற்றம்.

தம்பலகாமம்: தலையை இறக்க சாம்பனா, பெஸ்ஸோவாவா?

மறுபடியும் தலை! சாம்பன் வயிற்றுப்பட்டியிலிருந்து முன்னங்கால்களுக்கு இடையால் வந்து, உச்சந்தலை வளையங்கள் வழியாக வாய்க்கம்பிக்கு இறங்கும். தலை தூக்கினால் உச்சியை அமுக்கும், இறக்கினால் தொய்யும். உச்சியில் அமுக்கம் விழுந்தால் தலையை இறக்க முன்னரே பழகியிருக்கவேண்டும். பழகாத குதிரை பதறி எழும்பும். ஏறி ஓடும்போது ஒருபோதும் பாவிக்கக்கூடாது.

பெஸ்ஸோவா, பிரேசிலின் குதிரைத் தடைதாண்டல் வீரர் நெல்சன் பெஸ்ஸோவாவின் பெயரில் வந்தது. பின்தொடைக்குப் பின்னால் சுற்றிய கயிறு கப்பி வழியாக வாய்க்குப் போகும். இறுக்கிக் கட்டினால் ஒவ்வொரு பின்காலடியும் வாயை வெடுக்கென்று இழுக்கும். பின்பாகத்தில் கயிறு படுவதற்கே சில நாள் தனியாகப் பழக்கவேண்டும், இல்லையென்றால் உதைதான். இரண்டுமே தொடக்கக்காரருக்கு உரியவை அல்ல.

சாம்பல்தீவு: 2 வயதுக் குட்டி. நாளுக்கு அரைமணி ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். முள்ளந்தண்டின் வளர்ச்சித் தட்டுகள் மூட 5 வயது தாண்டும். வட்டம் மூட்டுகளைப் பக்கவாட்டில் முறுக்கும். கயிற்றில் நடத்தி, நிற்க, திரும்பப் பழக்குங்கள்.

மூதூர்: ஓட்டும்போது முன்கால் நொண்டுது, எந்த வார்...

எந்த வாரும் இல்லை. மிருக வைத்தியர்.

உவர்மலை: உள்பக்கப் பக்கவாரைக் கட்டையாக மாட்டச் சொல்கிறார்கள். நீங்கள் சமன் என்பீர்கள் என்று நினைக்கிறேன். வட்டத்தில் வளையும் உடலுக்கு உள்பக்கம் கட்டையாகத்தானே இருக்கவேண்டும்? கணக்கே அதுதானே?

கணக்கு என்றால் கணக்கே போடுவோம். ஆரை 10 மீற்றர். வார் 1 மீற்றர். வயிற்றுப்பட்டியில் இரண்டு வாருக்கும் இடையே அரை மீற்றர், வாயில் 12 சென்ரிமீற்றர் அளவு, சராசரி 30 என்று வையுங்கள். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 1 × 0.3 ÷ 10, அதாவது 3 சென்ரிமீற்றர். ஏறக்குறைய ஒரு துளை. நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சொல்கிறவர்கள் ஒன்றோடு நிற்பதில்லை, மூன்று துளை. அப்போது வளைவது கழுத்து மட்டும். உடல் நேராகவே கிடக்க வெளித்தோள் வட்டத்துக்கு வெளியே வழியும். அதைத் தடுக்கும் வேலி வெளிவார்தான், அதை நீளவிட்டால் வேலி இல்லை. திசை மாற்றும் ஒவ்வொருதரமும் இரண்டு பக்கமும் துளை மாற்றவேண்டும். மறந்தால் குதிரை வெளிப்பக்கம் பார்த்து ஓடும். அதனால் தொடக்கக்காரருக்குச் சமன் என்கிறேன்.

உவர்மலை, மீண்டும்: மறக்கிறவர்களுக்காகக் கணக்கை மாற்றலாமா?

கணக்கை மாற்றவில்லை. சமவாரில் ஓடும் குதிரைக்கு 3 சென்ரிமீற்றர் பிழை, இலேசான தொடுகையில் அது கரைந்துவிடும். மறந்தவரின் குதிரைக்குப் பிழை மறுபக்கத்துக்கு 6. எது பெரியது?

குச்சவெளி: தலையை இறக்க...

பாலையூற்றுக்காரருக்குச் சொன்னதை வாசியுங்கள்.

கன்னியா: மாரியில் தோல்வார் பூஞ்சணம் பிடிக்குது.

வேர்வையை ஈரத்துணியால் துடைத்து, சேணச் சவர்க்காரம் போட்டு, நிழலில் காயவிட்டு, பிறகு எண்ணெய். பெட்டிக்குள் பூட்டாதீர்கள், காற்றில் தொங்கவிடுங்கள். தையலைப் பாருங்கள், முதலில் அறுவது அதுதான்.

உவர்மலை, மூன்றாம் முறை: என்னுடையது மட்டக்குதிரை. வார் 75 சென்ரிமீற்றர், சராசரி இடைவெளி 24. துளைகளுக்கு இடையே 2.5.

0.75 × 0.24 ÷ 10 = 1.8 சென்ரிமீற்றர். துளையே 2.5. ஒரு துளை குறைத்தால் பிழை 0.7தான், ஆனால் திசை மாற்றும்போது மறந்தால் 4.3. சமனாக மாட்டுங்கள் ஐயா.