தேரூர்க் குளத்தைப் ‘பாதுகாப்புக் காப்பகம்’ என்று அரசு அறிவித்ததால் பறவைகளுக்கு என்ன பயன்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கவிமணி பிறந்த தேரூரின் குளம், 2015இல் சுசீந்திரம், மணக்குடி நீர்நிலைகளுடன் சேர்த்துப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதாவது, அரசுக்குச் சொந்தமான நிலத்தை, ஊர்மக்களைக் கலந்தாலோசித்து, உயிரினங்களின் வாழிடமாகக் காக்கும் சட்ட ஏற்பாடு. வேட்டையைத் தடுத்தால் மட்டும் பறவை பிழைத்துவிடாது. குளமே தூர்ந்துபோனால், தாமரை இலைமேல் நீள்விரல்களை விரித்து நடந்து இரைதேடும் இலைக்கோழிக்குப் போக்கிடம் ஏது? கூட்டுக் குடும்பத்துக் கிணற்றைப் போலத்தான் இதுவும்: எல்லாரும் இறைக்கலாம், ஒருவரும் மூடவோ நஞ்சு கலக்கவோ கூடாது. 2022இல் கிடைத்த, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்னும் ராம்சர் தகுதி பெருமைதான் என்றாலும், அன்றாடம் காவல் நிற்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமே என்பேன். காப்பகம் என்றாலே சுற்றியுள்ள வயல்களில் உழவு நின்றுவிடும் எனப் பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் இவ்வகை அறிவிப்பு அரசு நிலத்துக்கே உரியது, தனியார் பட்டா நிலத்துக்கு அன்று.