கிண்டியில் வேலை, பெரம்பூரில் குழந்தை: தாய்ப்பாலை நிறுத்தாமல் எப்படி?

கேள்வி: எனக்கு முதல் குழந்தை, பெண். ஐந்து மாதம் முடிந்துவிட்டது. கிண்டியில் 35 பேர் வேலை செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இன்னும் மூன்று வாரத்தில் திரும்பப் போக வேண்டும். காலை எட்டு மணிக்குப் பெரம்பூரில் கிளம்பினால் திரும்பி வர ஏழு ஆகும். மாமியார்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். "இப்பவே புட்டிக்குப் பழக்கி, பால் மறக்கடிச்சிடு, இல்லன்னா நீ போனதும் குழந்தை தவிச்சுப்போயிடும்" என்கிறார். பம்ப் வாங்கிப் பார்த்தேன், இருபது நிமிடம் வைத்தும் 40 மில்லி கூட வரவில்லை. எனக்குப் பால் போதவில்லையா? நிறுத்தாமல் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும். முதலில் அந்த 40 மில்லி பயத்தை விட்டுவிடுங்கள். குழந்தை வயிறு நிறையக் குடித்து முடித்த பிறகு நீங்கள் பம்ப் வைத்துப் பார்த்திருப்பீர்கள், அப்போது வருவது மிச்சம்தான், மிச்சத்தில் 30, 40 மில்லி கிடைப்பது நல்ல அளவு. அலுவலகத்தில் மூன்று மணி நேரம் குழந்தை குடிக்காமல் இருந்து அதன்பிறகு எடுக்கும்போது வரும் அளவு வேறு. தவிர, குழந்தையின் வாய் எடுப்பது போல எந்த இயந்திரமும் எடுக்காது, அதனால் பம்பில் வருவதை வைத்து உங்கள் பால் சுரப்பை அளக்கவே முடியாது. குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவைக்குமேல் நன்றாக ஒன்றுக்குப் போகிறாளா, தடுப்பூசிக்குப் போகும்போது எடை ஏறியிருக்கிறதா, இந்த இரண்டும் சரி என்றால் பால் போதுகிறது.

பால் எடுக்க எடுக்கத்தான் சுரக்கும், எடுக்காமல் மார்பில் தேங்கினால் உடம்பு "இவ்வளவு வேண்டாம் போலிருக்கிறது" என்று குறைத்துக்கொள்ளும். அதனால்தான் வேலைக்குப் போன பல பெண்களுக்கு "இரண்டே வாரத்தில் பால் வற்றிவிட்டது" என்று ஆகிறது. காலை எட்டிலிருந்து மாலை ஏழு வரை பதினோரு மணி நேரம் ஒரு சொட்டு எடுக்காமல் இருந்தால் யாருக்கும் குறையத்தான் செய்யும். உங்கள் வேலை அந்தப் பதினோரு மணி நேரத்தை உடைப்பது. அலுவலகத்தில் மூன்று தடவை, பதினொன்றுக்கு ஒன்று, சாப்பாட்டு இடைவேளையில் ஒன்று, நாலு, நாலரைக்கு ஒன்று, ஒவ்வொன்றும் பதினைந்து இருபது நிமிடம். ஒரு நாள் ஒன்று தவறினால் பரவாயில்லை, தினமும் தவறினால் பால் குறைய ஆரம்பித்துவிடும்.

இதற்கு இடம் வேண்டும், நேரம் வேண்டும். சட்டம் இதில் உங்களுக்குக் கொஞ்சம் துணை இருக்கிறது. 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தில், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான ஓய்வு இடைவேளை போகப் பாலூட்ட இரண்டு இடைவேளைகள் தர வேண்டும் என்று இருக்கிறது, பின்னால் வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020இலும் அது அப்படியே உண்டு. 2017இல் வந்த திருத்தம்தான் விடுப்பை 26 வாரமாக்கியது, 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றதும் அதுவே. உங்கள் அலுவலகம் 35 பேர் என்பதால் காப்பகம் கேட்க முடியாது, ஆனால் இரண்டு இடைவேளை கேட்கலாம். சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்தால் மூன்றாகிவிடுகிறது, நமக்கு வேண்டியதும் மூன்றுதான். சட்டத்தில் "பாலூட்ட" என்றுதான் இருக்கிறது, குழந்தை பெரம்பூரில் இருக்கும்போது அந்த நேரத்தில் பால் எடுத்து வைப்பது அதே காரியம்தான், இதைக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். போய்ச் சேர்ந்த பிறகு கேட்காதீர்கள், இந்த வாரமே மேலாளருக்கு மெயிலில் எழுதுங்கள். உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய ஒரு அறை, ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயின்ட், இன்ன இன்ன நேரம் இருபது நிமிடம் என்று எழுதுங்கள். பழைய ஃபைல் அடுக்கும் அறை ஒன்று எல்லா அலுவலகத்திலும் இருக்கும், அது போதும்.

கழிவறை மட்டும் வேண்டாம். என் மூத்த மகன் பிறந்தபோது நான் வேலை பார்த்த இடத்தில் வேறு இடமே தரவில்லை. கழிவறையில் நின்றுகொண்டு, ரவிக்கை நனைய, பீய்ச்சிய பாலை வாஷ்பேசினில் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன், அது இன்னும் மனதில் இருக்கிறது. உங்கள் குழந்தை குடிக்கப்போகிற பாலைக் கழிவறையில் வைத்து எடுக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இப்போது கணக்கு. இந்த வயதுக் குழந்தை அம்மா இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 25, 30 மில்லி குடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். பதினோரு மணி நேரத்துக்கு 300, கூடிப்போனால் 330. கிளம்பும் முன்பு ஏழரைக்கு ஒரு தடவை வயிறு நிறையக் கொடுத்துவிட்டுப் போனால், பாட்டி பகலில் நூறு நூறாக மூன்று தடவை கொடுத்தால் போதும். இன்னொன்று, நீங்கள் வேலையில் சேரும்போது ஆறு மாதம் நிறைகிறது, திட உணவு ஆரம்பிக்கும் நேரம். ராகிக் கூழ், குழைய மசித்த பருப்பு சாதம், வாழைப்பழம் என்று ஒன்றிரண்டு வேளை பாட்டி ஊட்ட ஆரம்பித்தால், பகல் பாலின் தேவை சில வாரங்களில் மெல்லக் குறையும். ஆறு மாதம் நிறையும் முன் அவசரப்பட்டு ஆரம்பிக்க வேண்டாம், தண்ணீரும் வேண்டாம்.

சேமிப்பைப் பற்றி எல்லோரும் ரொம்பக் கவலைப்படுகிறார்கள். ஃப்ரீசர் நிறைய அடுக்கி வைக்க வேண்டியதில்லை, முதல் நாளுக்கான 300, 350 மில்லியும் கைக்காவலுக்குக் கொஞ்சமும் இருந்தால் போதும், ஏனென்றால் இன்று அலுவலகத்தில் எடுப்பதுதான் நாளைய பால். தினமும் காலையில் முதல் தடவை குழந்தை குடித்ததும் மிச்சத்தை எடுத்து வையுங்கள், அந்த நேரத்தில்தான் பால் நிறைய இருக்கும், உங்கள் 40 மில்லியே மூன்று வாரத்தில் 800 மில்லி ஆகிவிடும். எடுத்த பால் ஃப்ரிட்ஜில் நான்கு நாள் இருக்கும், கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கமாக வையுங்கள். ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை நன்றாக இருக்கும். வெளியே நாலு மணி நேரம் வைக்கலாம் என்று படித்திருப்பீர்கள், அது 25 டிகிரி வரைக்குமான கணக்கு. நம் ஊரில் ஏசி இல்லாத அறையில் மார்கழியிலும் மத்தியானம் அதைத் தாண்டிவிடும், சித்திரை வைகாசியைச் சொல்லவே வேண்டாம். ஆகவே எடுத்தவுடன் குளிரில் வைப்பது என்றே பழகிக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. போலியோ சொட்டு மருந்து கொண்டுவருகிறவர்கள் தோளில் மாட்டியிருக்கும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள், ஐஸ் பேக் வைத்த பை ஒன்று வாங்கினால் அதே வேலையைச் செய்யும். முழுக்க உறைந்த ஐஸ் பேக்குகளோடு ஒட்டி வைத்தால் 24 மணி நேரம் வரை பால் தாங்கும், கிண்டியில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பெரம்பூருக்கு மின்சார ரயில் பிடித்து வருகிற நேரமெல்லாம் அதற்கு ஒன்றுமே இல்லை. ஃப்ரீசரை அதிகம் நம்பாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் நம் ஊர் மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, மாதக்கணக்கில் சேர்த்து வைத்த பாலைக் கொட்டிவிட்டு அழுத அம்மாக்கள் என்னிடம் வந்தார்கள். சாதாரண கரண்ட் கட் என்றால், கதவைத் திறக்காமல் விட்டால் ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும்.

பாட்டிக்குச் சொல்ல வேண்டியவை கொஞ்சம் உண்டு, அதை அவரிடம் நீங்களே உட்கார்ந்து, செய்து காட்டிச் சொல்லுங்கள். பாலை அடுப்பில் காய்ச்சக்கூடாது, மைக்ரோவேவ் கூடாது, வெந்நீர் ஊற்றிய கிண்ணத்தில் பால் டப்பாவை வைத்தால் போதும். மேலே ஆடை மாதிரி கொழுப்பு பிரிந்து நிற்கும், கெட்டுப்போனது என்று நினைத்துவிடுவார், மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். ஃப்ரீசரில் இருந்து இறக்கி உருகிய பாலை ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு நாளைக்குள் முடிக்க வேண்டும், மறுபடி உறையவைக்கக்கூடாது. குழந்தை குடித்து மிச்சம் வைத்தது இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

புட்டி தேவையே இல்லை. நம் வீடுகளில் பாலாடை இருக்கிறது, சங்கு என்றும் சொல்வார்கள், உங்கள் மாமியாருக்கு அதில் கொடுத்துக் கை பழகியிருக்கும், கேட்டுப் பாருங்கள், அவர் முகம் மலரும். பச்சிளங்குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலேயே பாலாடையில்தான் புகட்டுகிறார்கள். உங்கள் மகள் வயதுக்குச் சின்ன டம்ளரில் நேராகவே குடிக்கக் கற்றுக்கொள்வாள். நிமிர்த்தி உட்காரவைத்து, டம்ளரை உதட்டில் சாய்த்துப் பிடித்து, அவளே உறிஞ்சும்படி விட வேண்டும், தொண்டையில் ஊற்றக்கூடாது. நீங்கள் வீட்டில் இருக்கும்போது அவள் டம்ளரைத் தொடவே மாட்டாள், அம்மா வாசனை இருக்கும்போது அவளுக்கு அது எதற்கு? அதனால் அடுத்த வாரத்திலிருந்து இரண்டு நாளுக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் வெளியே போய்விட்டு, பாட்டி கொடுத்துப் பழகட்டும். முதல் நான்கைந்து தடவை பாதி சிந்தும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சாயங்காலம் சென்ட்ரலில் இறங்கியதும் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். அதற்குப் பிறகு பாட்டி வயிறு முட்டக் கொடுக்கக்கூடாது, அழுதால் இரண்டு மடக்கு, அவ்வளவுதான். நீங்கள் கை கால் கழுவி உட்காரும்போது அவள் பசியோடு இருந்தால்தான் உங்கள் மார்பின் பாரமும் இறங்கும், அவளும் சந்தோஷமாகக் குடிப்பாள். வெயிலில் அலைந்து வந்த உடம்பில் பால் சூடாகிவிடும், முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுக் கொடு என்று வீட்டில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். மார்புக்குள் பால் கெடுவதும் இல்லை, புளிப்பதும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு நேராகக் கொடுங்கள்.

சில குழந்தைகள் பகலில் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, அம்மா வந்ததும் இரவெல்லாம் பிடித்துக்கொள்ளும். இதைப் பார்த்துத்தான் "பாரு, பட்டினி போட்டுட்டோம்" என்று பெரியவர்கள் பதறுவார்கள். ஒன்றுக்கு வழக்கம்போலப் போகிறாள், எடை ஏறுகிறது என்றால் அவள் தன் கணக்கைத் தானே சரிசெய்துகொள்கிறாள் என்று அர்த்தம். சுரப்புக்கான புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும், இரவுப் பாலை விடாமல் வைத்திருப்பவர்களுக்குப் பகலில் கொஞ்சம் தவறினாலும் தாங்கும். உங்கள் தூக்கம் போகும், அது உண்மைதான். அதற்கு வீட்டில் மற்றவர்கள் உங்கள் காலைச் சமையலையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும், உங்கள் கணவரிடம் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

பம்ப் பிடிக்கவில்லை என்றால் கையாலேயே எடுக்கலாம், பலருக்குக் கையில்தான் நன்றாக வருகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சுப்பக்கமாக உள்ளே அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அழுத்தி விட வேண்டும், தோலின் மேல் இழுக்கக்கூடாது, காம்பைப் பிதுக்கக்கூடாது. முதல் ஓரிரு நிமிடம் ஒன்றும் வராது. மகளின் வீடியோவைப் பாருங்கள், அவள் சட்டையை முகர்ந்து பாருங்கள், மனம் இளகினால் பால் இறங்கும். பம்பின் புனல் காம்புக்குச் சரியான அளவாக இருக்கிறதா என்றும் பாருங்கள், வலித்தால் அளவு தவறு.

பால் கட்டிக்கொண்டால் மல்லிகைப்பூ வைத்துக் கட்டச் சொல்வார்கள். செய்யாதீர்கள், அது பாலை வற்றவைக்கும் வழி, வேலூரில் இதை ஆராய்ந்து 1988இல் வெளியிட்டிருக்கிறார்கள், பூவுக்கு உண்மையிலேயே அந்த வேலை உண்டு. உங்களுக்கு வேண்டியது அடிக்கடி எடுப்பது, எடுத்த பிறகு குளிர்ந்த துணி. காய்ச்சலும் மார்பில் சிவப்பும் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள், பாலூட்டுவதை நிறுத்த வேண்டாம். பூண்டு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு எல்லாம் பிடித்தால் சாப்பிடுங்கள், நல்ல சாப்பாடு, ஆனால் எடுக்காத பாலை அவை எதுவும் சுரக்கவைக்காது.

எல்லாம் செய்தும் பகலில் நூறு மில்லி குறைகிறதா, மருத்துவரைக் கேட்டு ஒரு வேளை பால் பவுடர் கொடுப்பதில் தப்பில்லை, மீதி வேளைகளில் உங்கள் பால் தொடரட்டும்.

ஒன்று முக்கியம், திங்கட்கிழமை சேராதீர்கள். முடிந்தால் வியாழக்கிழமை சேருங்கள், இரண்டு நாளில் சனி ஞாயிறு வந்துவிடும், என்ன சரியில்லை என்று உட்கார்ந்து பார்க்க நேரம் கிடைக்கும், அந்த இரண்டு நாளும் டம்ளரே வேண்டாம், முழுக்க நேரடியாகக் கொடுங்கள். அந்த வாரம் எவ்வளவு எடுத்தீர்கள், பாட்டி எவ்வளவு கொடுத்தார் என்று குறித்து அனுப்புங்கள், அளவைச் சேர்ந்து சரிபார்க்கலாம்.