கதிர்வீச்சுக்குப் பின் இன்னொரு கட்டியா?

கேள்வி: என் மனைவியின் பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த சாதாரணக் கட்டி அறுவை சிகிச்சைக்குப் பின்னும் மிச்சம் இருப்பதால் கதிர்வீச்சு தர வேண்டும் என்கிறார்கள். அதுவே பின்னாளில் புற்றுநோயை வரவழைத்துவிடுமா?

பதில்: உங்கள் அச்சம் ஆதாரமற்றதல்ல, கட்டியைத் தாக்கும் கதிர் அருகிலுள்ள நல்ல செல்களின் மரபணுவையும் சிதைக்கக்கூடும் என்பதால், பல ஆண்டுகள் கழித்து மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா என்ற கட்டியோ மூளைத் திசுவில் வரும் கிளையோமா என்ற கட்டியோ தோன்றுவதுண்டு. ஆனால், இதே சிகிச்சை பெற்ற 426 பேரைத் தொடர்ந்து கவனித்து 2005-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு, 20 ஆண்டுகளில் இரண்டாவது மூளைக்கட்டி வரும் வாய்ப்பு 2.4 சதவீதம்தான் என்று கணக்கிட்டது. குழந்தைகளுக்கென்றால் நானும் தயங்கியிருப்பேன். கட்டியை மட்டும் குறிவைக்கும் ஸ்டீரியோடாக்டிக் முறையில் ஆபத்து மேலும் குறைவு. அதற்குக் கட்டிக்கும் பார்வை நரம்புக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி தேவை என்பதால், ஸ்கேனில் அந்த இடைவெளி எவ்வளவு என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.