மே மாதத்தில் ஆல்ப்ஸ் மலைப்பாதைகள் திறந்திருக்குமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறோம். நான், மனைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள், 67 வயது அம்மா என நான்கு பேர். மே மாதப் பள்ளி விடுமுறையில் ஐந்து நாள் ஆல்ப்ஸில் கார் எடுத்து ஓட்ட ஆசை. ஸ்டெல்வியோ, ஃபூர்கா, கிராஸ்குளோக்னர் மூன்று மலைப்பாதைகளையும் பார்த்துவிட்டு, ரயிலில் ஏறும் யுங்ஃப்ரௌயோக் மலை உச்சிக்கும் போகலாம் என்று திட்டம். வால்பாறைக்கு அடிக்கடி ஓட்டிப் பழக்கம் உண்டு. அம்மாவுக்கு முழங்கால் வலி. மலைப்பாதையில் தலைசுற்றலும் வாந்தியும் வரும். இந்தத் திட்டம் சரிதானா?

பதில்: முதலில் மாதத்தைப் பேசிவிடுவோம். நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டு மே மாதத்தில் பெரும்பாலும் மூடியிருக்கும். ஃபூர்காவும் ஸ்டெல்வியோவும் மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோதான் திறக்கின்றன. பனி அதிகம் விழுந்த ஆண்டில் இன்னும் தள்ளிப்போகும். திறக்கும் தேதியை முன்கூட்டி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பனியை வெட்டி அகற்றி, பனிச்சரிவு அபாயம் இல்லை என்று பார்த்த பிறகுதான் தடுப்பைத் தூக்குவார்கள். ஒருமுறை ஜூன் முதல் வாரத்தில் போய், அடிவாரத்தில் மூடிய தடுப்புக் கம்பத்தைப் பார்த்துவிட்டு நானே திரும்பி வந்திருக்கிறேன்.

நம்மூர்க்காரர்களுக்கு இது எளிதில் பிடிபடாத விஷயம். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். ஃபூர்கா கணவாய் 2,429 மீட்டர்தான், தொட்டபெட்டாவைவிடத் தாழ்வு. ஆனால் நீலகிரி நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை வடக்கே இருக்கிறது, இந்த மலைகள் 46 பாகையைத் தாண்டி இருக்கின்றன. அதனால்தான் அதே உயரத்தில் அங்கே வருடத்தில் ஏழெட்டு மாதம் சாலை பனிக்கடியில் கிடக்கிறது.

விடுமுறையை மாற்ற முடியுமென்றால் காலாண்டுத் தேர்வு விடுமுறைக்குப் போங்கள். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். என்னைக் கேட்டால் வருடத்திலேயே அதுதான் நல்ல நேரம். கணவாய்கள் பொதுவாக அக்டோபர் நடு வரையாவது திறந்திருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வரும் மதிய இடிமழை அப்போது குறைந்துவிடும். கூட்டமும் இறங்கிவிடும். திடீரென்று பனி விழுந்து ஓரிரு நாள் சாலையை மூடும் வாய்ப்பு உண்டு. அதற்குத்தான் ஐந்து நாளையும் இறுக்கமாக நிரப்ப வேண்டாம் என்கிறேன்.

அடுத்தது, மூன்று மலைப்பாதைகள். ஃபூர்கா சுவிட்சர்லாந்தின் நடுவில், ஸ்டெல்வியோ இத்தாலியின் வடக்கு ஓரத்தில், கிராஸ்குளோக்னர் ஆஸ்திரியாவில் இருக்கிறது. வரைபடத்தில் பக்கத்தில் தெரிந்தாலும் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போகவே அரை நாள் ஓடிவிடும். உங்கள் ஐந்து நாளில் இரண்டு நாள் நெடுஞ்சாலையிலேயே கழியும். ஸ்டெல்வியோவை யோசிக்காமல் விட்டுவிடுங்கள். 1820களில் குதிரை வண்டிகளுக்காகக் கட்டிய பாதை அது. ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். பல வளைவுகளில் எதிர்ப்பக்கத் தடத்தையும் எடுத்துக்கொண்டால்தான் கார் திரும்பும், அதே இடத்தில் எதிரே மோட்டார் சைக்கிள் கூட்டம் வரும். வாந்தி வரும் அம்மாவை வைத்துக்கொண்டு அங்கே போக வேண்டாம்.

ஒரே இடத்தில் தங்கி, ஒரே ஒரு சுற்று போங்கள். நான் சொல்வது சுஸ்டன், ஃபூர்கா, கிரிம்சல் என்ற மூன்று கணவாய்ச் சுற்று. சுவிட்சர்லாந்தின் மைரிங்கன் ஊரில் சமையலறையோடு ஒரு வீடு எடுத்துக்கொண்டால் அங்கிருந்து கிளம்பி அங்கேயே திரும்பலாம். ஏறக்குறைய 120 கிலோமீட்டர். நிற்காமல் ஓட்டினால் மூன்றரை மணி நேரத்தில் முடியும், ஆனால் முழு நாள் ஒதுக்குங்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மாலை ஐந்தரைக்குள் வீடு வந்துவிடலாம்.

சுற்றை எந்தத் திசையில் போவது என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. கடிகாரச் சுற்றில் போங்கள்: முதலில் சுஸ்டன், பிறகு வாசன், ஆண்டர்மாட் என்ற ஊர்கள், அடுத்து ஃபூர்கா, கடைசியில் கிரிம்சல். இதற்குக் காரணம் இருக்கிறது.

சுஸ்டன் 1938-க்கும் 1945-க்கும் இடையில் காருக்காகவே திட்டமிட்டுக் கட்டிய சாலை. வளைவுகள் அகலம், ஏற்றம் சீராக இருக்கும். இடப்பக்க ஸ்டீயரிங்கும் வலப்பக்க ஓட்டமும் கைக்குப் பழகுவதற்கு இதைவிட நல்ல மலைச்சாலை கிடைக்காது. ஏறும் வழியில் ஷ்டைன் பனியாறு தெரியும் இடத்தில் கார் நிறுத்துமிடமும் உணவகமும் உண்டு. காலை ஒன்பது, ஒன்பதரைக்கு அங்கே நில்லுங்கள். பனியாற்றின் அடியில் ஒரு சின்ன ஏரி. கணவாயின் உச்சியில் 2,224 மீட்டரில் ஒரு சுரங்கப்பாதை. அதற்குள் நுழைந்து மறுபக்கம் வந்தால் வேறொரு பள்ளத்தாக்கு விரியும்.

வாசனிலிருந்து ஆண்டர்மாட்டுக்கு ஏறும்போது ஷோலனன் என்ற ஒடுங்கிய பாறைப் பிளவைக் கடப்பீர்கள். அங்கேதான் பேய்ப்பாலம் இருக்கிறது. பாலத்தைக் கட்டிக்கொடுக்கும் பேய், முதலில் கடக்கும் உயிரைக் கூலியாகக் கேட்டதாம். ஊர் மக்கள் ஒரு ஆட்டை முன்னால் ஓட்டிவிட்டார்களாம். மகளுக்குச் சொல்லுங்கள். மதியச் சாப்பாடு ஆண்டர்மாட்டில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் கிளறிய தயிர்சாதம் கையில் இருந்தால் நிம்மதி, ஏனென்றால் கணவாய் உணவகங்களில் சைவத்துக்குத் தெரிவு குறைவு, விலையும் அதிகம்.

இனி ஃபூர்கா. ரேயால்ப் கிராமத்திலிருந்து உச்சி வரை சாலை குறுகலாக இருக்கும். பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது, இடைவெளி விட்டு நட்ட கற்கள்தான். சாலை வடக்குச் சரிவில் ஏறுகிறது, பள்ளத்தாக்கு தெற்கே. நீங்கள் கிழக்கிலிருந்து மேற்கே போனால், வலப்பக்கம் ஓட்டும் உங்களுக்கு மலைச்சுவர் பக்கத்தில் இருக்கும், பள்ளம் எதிர்த்தடத்துக்கு அந்தப் பக்கம். எதிர்த்திசையில் வந்தால் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நீங்கள் ஓட்ட வேண்டிவரும். முதல் முறை ஓட்டுபவருக்கு இந்த வித்தியாசம் பெரியது.

இன்னொரு காரணம் காட்சி. ஃபூர்காவின் உச்சியைத் தாண்டி மேற்கே இறங்கும்போது, எதிர் மலையில் கிரிம்சல் சாலை கோலம் போட்டதுபோல் ஏறுவது முழுசாகத் தெரியும். இன்னும் அரைமணியில் அந்தக் கோட்டில்தான் நாமும் இருப்போம். இந்த மலைகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்றால் இதைத்தான் சொல்வேன். கொஞ்சம் கீழே ஒரு வளைவின் மடியில் மூடிக்கிடக்கும் பெல்வெடேர் ஓட்டல். அதன் பக்கத்தில்தான் ரோன் பனியாறு. 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் பனி கீழே கிளெட்ஷ் சமவெளி வரை இறங்கிக் கிடந்தது. இன்று மேலே பின்வாங்கி, அதன் முனையில் ஓர் ஏரி தேங்கியிருக்கிறது. உருகுவதைக் கொஞ்சமாவது தாமதப்படுத்தக் கோடையில் பனியின் ஒரு பகுதிமேல் வெள்ளைத் துணி போர்த்துகிறார்கள். அதைப் பார்க்கும்போது மனம் கனக்கும். எட்டாம் வகுப்புப் பெண் கட்டாயம் பார்க்க வேண்டிய காட்சி அது. அவள் முப்பது வயதில் திரும்பி வரும்போது அங்கே இந்த அளவு பனி இருக்காது.

கிளெட்ஷிலிருந்து கிரிம்சல் ஏற்றம் சிறியது, 400 மீட்டர் சொச்சம். உச்சியில் சாலையை ஒட்டியே டோட்டன்சே என்ற ஏரி இருக்கிறது. படிக்கட்டு கிடையாது, காரிலிருந்து இறங்கிப் பத்தடி நடந்தால் போதும். அம்மாவுக்கு ஏற்ற காட்சிமுனை இதுதான். அங்கிருந்து தெற்கே இறங்கும் தண்ணீர் ரோன் ஆற்றில் சேர்ந்து மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. வடக்கே இறங்குவது ஆரே, ரைன் வழியாக வடகடலுக்கு.

வால்பாறையின் 40 வளைவுகளை ஓட்டிய கைக்கு இந்தச் சாலைகள் பயமில்லை. இறக்கத்தில் எந்த கியரில் ஏறினோமோ அதே கியர், ஏறும் வண்டிக்கு வழி விடுவது என்ற பழக்கங்கள் அங்கேயும் செல்லும். கவனிக்க வேண்டியது வேறு. ஆட்டோமேட்டிக் கார் வேண்டும் என்று முன்பதிவிலேயே குறித்துச் சொல்லுங்கள். வலது கையால் கியர் மாற்றும் சுமை மிச்சமாகும். ஆனால் ஆட்டோமேட்டிக்கில் இறங்குபவர்கள் பிரேக்கை மட்டுமே நம்பி அதைச் சூடேற்றிவிடுகிறார்கள். வண்டியை எடுக்கும்போதே கையால் கியர் குறைக்கும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாள் பள்ளத்தாக்குச் சாலையில் மட்டும் ஓட்டிப் பழகுங்கள். தவறான பக்கம் போவது பெரும்பாலும் வளைவில் நடப்பதில்லை. காட்சி பார்த்துவிட்டுக் காலியான சாலையில் வண்டியைத் திரும்ப எடுக்கும்போதுதான் கை பழையபடி இடப்பக்கம் போகும். அந்த நொடியில் "வலப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லும் வேலையை மகளிடம் கொடுத்துவிடுங்கள்.

நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்திருந்தால் அது அஞ்சல் பேருந்து ஓடும் மலைச்சாலை. வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று சுரத்தில் ஒரு ஹாரன் கேட்டால் மஞ்சள் பேருந்து வருகிறது என்று அர்த்தம். ஒதுங்கி நில்லுங்கள். பின்வாங்கச் சொல்லிப் பேருந்து ஓட்டுநர் சைகை காட்டினால் அதற்குக் கட்டுப்பட வேண்டும், அது சட்டம். பின்னால் வேகமாக வருபவர்களுக்கு ஒதுங்குமிடத்தில் வழி விட்டுவிடுங்கள். சனி, ஞாயிறில் சுற்றை வைக்காதீர்கள்.

அம்மாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். வயிறு காலியாகவும் வேண்டாம், நிறையவும் வேண்டாம். முக்கால் மணிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். வாந்திக்கான மாத்திரையைக் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யுங்ஃப்ரௌயோக் 3,454 மீட்டர். ரயிலில் வேகமாக அவ்வளவு உயரம் போவது வயதானவர்களுக்குச் சிரமம் தரலாம். இதய நோயோ ரத்த அழுத்தமோ இருந்தால் அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். டிக்கெட் விலையும் மிக அதிகம். போவதென்றால், காலையில் உச்சியின் நேரலைக் கேமராவைப் பார்த்து, வானம் தெளிவாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். அம்மாவுக்கு நான் சொல்வது கிரோஸ ஷைடெக். மைரிங்கனிலிருந்து கிரிண்டல்வால்டுக்குப் போகும் இந்தக் குறுகிய மலைச்சாலையின் மேற்பகுதியில் தனியார் காருக்கு அனுமதி இல்லை, மஞ்சள் பேருந்து மட்டும்தான். வெட்டர்ஹார்ன் சிகரத்தின் பாறைச்சுவர் ஜன்னலுக்கு நேராக நிற்கும். அன்று நீங்களும் ஓட்டாமல் வேடிக்கை பார்க்கலாம்.

மூன்று கணவாய்ச் சுற்றுக்கு எந்த நாள் என்று ஊரிலிருந்தே முடிவு செய்ய வேண்டாம். அங்கே போய் முந்தின நாள் மாலையில் வானிலையையும் சாலை நிலவரத்தையும் பார்த்து, ஐந்தில் மிகத் தெளிவான வார நாளை அதற்குக் கொடுங்கள். மழை நாளுக்கு ஏரிகளும் ஊர்களும் இருக்கின்றன.

ஆர்டிஓ அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் வாங்கி, அசல் உரிமத்தோடு கையில் வையுங்கள். சுவிஸ் கணவாய்களுக்குச் சுங்கம் கிடையாது. நெடுஞ்சாலைக்கான ஒட்டு வில்லை, சுவிஸில் எடுக்கும் வாடகைக் காரில் பொதுவாக இருக்கும், ஒருமுறை சரிபாருங்கள்.

சரி, மே தவிர வேறு வழியே இல்லை என்றால்? அப்போது சுவிஸ் சுற்றை மறந்துவிட்டு ஆஸ்திரியாவுக்குப் போங்கள். 1935-இல் திறந்த கிராஸ்குளோக்னர் சாலையைப் பொதுவாக மே தொடக்கத்திலேயே திறந்துவிடுவார்கள். 48 கிலோமீட்டர், 36 வளைவுகள், பகலில் மட்டும் அனுமதி, சுங்கம் உண்டு. சாலையின் இரு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் பனிச்சுவர் நிற்கும் காட்சி மே மாதத்துக்கே உரியது. செப்டம்பரில் போகிறவர்களுக்குக் கிடைக்காது. செல் ஆம் சே என்ற ஊரில் தங்கி, மே நடுவுக்குப் பிறகு ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். 2,571 மீட்டரில் இருக்கும் எடெல்வைஸ்ஷ்பிட்சே காட்சிமுனைக்கு ஏறும் கிளைப்பாதை திறந்திருக்கிறதா என்று சுங்கச்சாவடியில் கேளுங்கள். கல் பாவிய, செங்குத்தான, குறுகிய பாதை அது. மேலே வண்டி நிறுத்த இடம் கொஞ்சம்தான், அதனால் கூட்டம் சேரும் முன் காலையிலேயே ஏறிவிடுங்கள்.