கடலிலிருந்து பார்த்த காவிரி
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: ஐரோப்பியர் வரைந்த பழைய தென்னிந்திய வரைபடம் ஒன்றின் படியை நண்பர் வீட்டுச் சுவரில் பார்த்தேன். கடற்கரையோரம் காவிரி கிளை கிளையாக விரிந்து, ஒவ்வொரு கிளையின் வாயிலும் ஓர் ஊரின் பெயர் இருக்கிறது. திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே வந்ததும் ஆறு வெறுங்கோடாகிவிடுகிறது. பவானியும் இல்லை, ஈரோடும் இல்லை. அக்காலத்தில் ஆறு வேறு வழியாக ஓடியதா? – ஈரோடு வாசகர்

பதில்: ஆறு இன்றுள்ள வழியில்தான் ஓடியது, படம் வரைந்தவர் இவ்வளவு தூரம் வரவில்லை. கொங்கு நாட்டில் காவிரி பெரும்பாலும் பாறைப் படுகையில் செல்வதால் நினைத்தபடி தடம் மாறும் வாய்ப்பு அதற்கு மிகக் குறைவு. தடம் மாறுவதெல்லாம் வண்டலில் ஓடும் கீழ்ப்பகுதியில்தான். ஆயினும் பழைய படங்களில் மாறாத மேற்பகுதி பிழையாகவும், மாறிக்கொண்டேயிருக்கும் கழிமுகம் விரிவாகவும் இருக்கக் காண்கிறோம். அவை கப்பலில் வந்தவர்கள் சொன்ன செய்தியைக் கொண்டு வரையப்பட்டவை என்பதே இதற்குக் காரணம். மாலுமிக்கு முகத்துவாரம் எங்கே, மணல்திட்டு எங்கே, குடிநீர் எங்கே கிடைக்கும் என்பது தெரிந்தால் போதும். பவானிக் கூடுதுறையால் அவனுக்கு ஆவதொன்றுமில்லை.

இந்த வழக்கம் கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்து எழுதிய புவியியல் அறிஞர் தாலமி, ‘கபேரோஸ்’ என்ற ஆற்றின் முகத்துவாரத்தையும் அதையொட்டிக் ‘கபேரிஸ்’ என்ற வணிகப் பட்டினத்தையும் குறிக்கிறார். ஆறு காவிரி, பட்டினம் காவிரிப்பூம்பட்டினம் என்பதில் ஐயமில்லை. தாலமியின் கையால் வரைந்த படம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் நூலில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு ஆயிரம் ஆண்டுகளுக்கும் பிறகு பிறர் வரைந்தவற்றையே இன்று ‘தாலமி வரைபடம்’ என்கிறோம். அந்தக் கணக்கில் நம் தீபகற்பம் தெற்கே நீளாமல் தட்டையாகிவிட்டது, இலங்கையோ மிகப் பெரிதாகிவிட்டது. அப்படிப்பட்ட படத்தில் ஒகேனக்கல்லைக் கடந்து தெற்கே திரும்பி, ஈரோட்டுக்குக் கீழே தென்கிழக்காக வளைந்து செல்லும் நம் காவிரியைத் தேடுவதில் பயனில்லை.

உள்நாட்டைப் பற்றிய நம்பகமான செய்தி, நடந்தே ஊர் ஊராகச் சென்றவர்களிடமிருந்துதான் ஐரோப்பாவுக்குப் போனது. மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைத் துறவிகள் அவர்களில் முக்கியமானவர்கள். அவர்கள் அனுப்பிய செய்திகளையும் பயன்படுத்தித் தான்வில் என்ற பிரெஞ்சுக்காரர் 1752இல் இந்திய வரைபடம் ஒன்றை வெளியிட்டார். பாரிஸை விட்டு அதிகம் வெளியே செல்லாத அவர், தெரியாத இடத்தில் மலையையும் யானையையும் வரைந்து நிரப்பும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, அந்த இடத்தை வெற்றிடமாகவே விட்டார். நண்பர் வீட்டுப் படத்திலும் நம் பக்கம் வெறுமையாக இருந்தால் அதைக் குறையென்று கொள்ள வேண்டாம். இல்லாத ஊர்களை எழுதி நிரப்பிய படங்களைவிட அது நேர்மையானது என்பது என் கருத்து.

கேள்வி: தாலமி குறிப்பிடும் ‘கரூரா’ எங்கள் கரூர்தானே? – கரூர் வாசகர்

பதில்: சேர மன்னனின் தலைநகர் என்று சொல்லி, உள்நாட்டு ஊர்களின் வரிசையில் தாலமி அதை வைக்கிறார். சேரர் தலைநகரான வஞ்சி கரூரா, கேரளக் கரையிலுள்ள கொடுங்கல்லூர்ப் பகுதியா என்ற வழக்கு நெடுநாளாக நடந்துவருகிறது. இரு பக்கமும் அறிஞர்கள் இருக்கிறார்கள். கரூருக்கு அருகே புகழூர் ஆறுநாட்டார் மலையில் சேர மன்னர் மூன்று தலைமுறையினரைக் குறிக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது, அமராவதி ஆற்றில் ரோமானியக் காசுகள் கிடைத்துள்ளன. இவற்றைப் பார்க்கையில் தங்கள் ஊர்ப் பக்கமே தராசு தாழ்வதாக எனக்குத் தோன்றுகிறது. நான் கொங்கு நாட்டுக்காரன் என்பதையும் சேர்த்துக் கணக்கில் கொள்ளுங்கள்.

கேள்வி: அண்மையில் குடும்பத்துடன் பூம்புகார் சென்றோம். காவிரி கடலில் சேரும் இடம் என்று காட்டிய இடத்தில், எங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் காலிங்கராயன் வாய்க்கால் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. கொடுமுடியில் அகன்று ஓடும் ஆறு அங்கே எங்கே போயிற்று? பட்டினப்பாலையின் வருணனை புலவரின் மிகைதானா? – கொடுமுடி வாசகர்

பதில்: இந்த வியப்பு கொங்கு நாட்டவருக்கு இயல்பாக வருவது. ஆறு என்றால் கீழே போகப் போகப் பெருகும் என்று எண்ணுகிறோம். காவிரியோ திருச்சிக்கு மேற்கே அகன்று கிடந்து, கடலை நெருங்க நெருங்கத் தேய்கிறது. முக்கொம்பில் கொள்ளிடம் வடக்கே பிரிகிறது. அதற்குக் கீழே குடமுருட்டி, வெண்ணாறு, அரசலாறு, வீரசோழன் என்று தண்ணீர் பங்குபோட்டுக் கொள்ளப்பட்டு, காவிரி என்ற பெயரைத் தாங்கிய கிளை கடைசியில் ஒரு வாய்க்காலாகப் பூம்புகாரை அடைகிறது. பெயர் ஒரு பக்கமும் வெள்ளம் ஒரு பக்கமுமாகப் போய்விட்டன. பெருவெள்ளக் காலத்தில் மேட்டூரைக் கடந்து வரும் நீரின் பெரும்பகுதி கொள்ளிடத்தின் வழியேதான் கடலுக்குச் செல்கிறது. ஆகவே காவிரியின் முகத்துவாரத்தை அகலமாகப் பார்க்க விரும்பினால், பூம்புகாருக்கு வடக்கே பழையாறு பக்கம் சென்றிருக்க வேண்டும்.

கொள்ளிடம் கடலுக்குக் குறுக்குவழி. அதன் படுகையும் தாழ்வானது. அதனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீர் மேலும் மேலும் அந்தப் பக்கமே சாய்ந்து, காவிரியில் மணல் மேடிட்டு, தஞ்சை வயல்கள் காயத் தொடங்கின. ஆங்கிலப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830களில் முக்கொம்பில் மேலணையையும் அணைக்கரையில் கீழணையையும் கட்டியது இதற்காகத்தான். மேலணை கட்டிய பின் தண்ணீர் எதிர்ப்பக்கம் மிகுந்து, காவிரியின் படுகை அரிபடத் தொடங்கியதால், சில ஆண்டுகளிலேயே அணையின் நடுப்பகுதியைத் தாழ்த்த வேண்டியதாயிற்று. எனவே கழிமுகப் படம் ஒன்றை எடுத்தால், அது 1830களுக்கு முந்தையதா பிந்தையதா என்பதை முதலில் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு நிலைமையில் இருந்த ஆற்றைக் காட்டுகின்றன. ஆங்கிலப் படங்களில் ‘கோலரூன்’ என்று எழுதியிருப்பது கொள்ளிடத்தைத்தான். அதன் வாயிலிருந்த தேவிக்கோட்டையை 1749இல் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டதும் அந்த முகத்துவாரம் கப்பல் வணிகத்துக்கு உதவும் என்ற எதிர்பார்ப்பில்தான்.

இனிப் பட்டினப்பாலைக்கு வருவோம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் ‘மலைத்தலைய கடற்காவிரி’ என்கிறார்: மலையில் தலையும் கடலில் முடிவுமாக உள்ள காவிரி. ஆற்றின் இரு முனைகளையும் இரண்டு சொற்களில் காட்டும் இதைவிடச் சுருக்கமான வரைபடத்தை நான் கண்டதில்லை. வெள்ளை உப்பை விற்று அதற்கு மாற்றாக நெல்லேற்றி வந்த படகுகள், லாயத்துக் குதிரைகளைப் போலக் கழிக்கரையில் வரிசையாகக் கட்டப்பட்டிருந்ததையும் அவர் சொல்கிறார். உப்பங்கழியும் அதற்குள் செல்லும் தட்டையான படகுகளும் ஆற்றுவழி நெல் வணிகமும் அந்த ஓர் இடத்திலேயே தெரிகின்றன. ஏற்றுமதி, இறக்குமதிப் பொதிகளில் சோழனின் புலி முத்திரை இட்டதும் அப்பாட்டில் இருக்கிறது. இவற்றையெல்லாம் மிகை என்று ஒதுக்க முடியாதபடி, பூம்புகாருக்கு அருகே கீழையூரில் 1960களில் தொல்லியல் துறையினர் தோண்டியபோது, செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று, படகுகளைக் கட்டும் மரத்தூண்களோடு வெளிப்பட்டது. இன்று அந்த இடத்தின் அருகே பெரிய ஆறு இல்லை. துறை இருந்த இடத்தில் ஆறு இருந்திருக்க வேண்டும். ஆறு விலகிப் போனதற்கு அந்தச் செங்கல்லே சாட்சி.

கேள்வி: எங்கள் பகுதியை முதன்முதலில் முறையாக அளந்தது எப்போது? – கோபிசெட்டிபாளையம் வாசகர்

பதில்: ஆங்கிலேயப் படை அதிகாரி வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு ஒன்றை (மற்றத் தூரங்களைக் கணக்கிட ஆதாரமாகத் தரையில் நேரே அளக்கும் கோடு) அளந்து, முக்கோணங்களாகப் பிரித்து நாட்டை அளக்கும் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அதன் தொடர்ச்சியாக 1806இல் கோவைப் பகுதியில் பச்சாபாளையத்தில் இன்னோர் அடிக்கோடு அளக்கப்பட்டது. கொங்கு மண்ணில் ஓர் இடத்தின் அட்சரேகை ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது அப்போதுதான். சமவெளியான தஞ்சையில் உயரமான இடம் வேண்டி, 1808இல் பெரிய கோயில் விமானத்தின் மீது கோணம் அளக்கும் கருவியை ஏற்றியபோது, கயிறு அறுந்து அது சுவரில் மோதிச் சேதமடைந்தது. நம் பக்கம் மலைக்கும் கரட்டுக்கும் பஞ்சமில்லாததால் அந்தத் தொல்லை இல்லை. அளவைக்குச் சற்று முன், 1800இல், மைசூரிலிருந்து காவேரிபுரம் கணவாய் வழியாக இறங்கிவந்த கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் ஊர், பயிர், பாசனம் என்று பார்த்ததையெல்லாம் எழுதிவைத்தார். ஈரோட்டு வாய்க்காலையும் காலிங்கராயன் பெயரையும் அவர் குறித்திருக்கிறார். கடல்வழி வந்த செய்தியை நம்பாமல் ஆற்றங்கரையிலேயே வந்து நின்று எழுதியதால், அவர் நூல் எனக்கு வரைபடத்துக்குச் சமம்.

கேள்வி: என் பாட்டி பிறந்த ஊர் மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. அந்த ஊரை எந்தப் படத்திலாவது பார்க்க முடியுமா? – மேட்டூர் வாசகர்

பதில்: அணை 1934இல் முடிந்தது. அதற்கு முன் அளந்து அச்சிட்ட நில அளவைத் தாள்களைப் பார்க்க வேண்டும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்டுத் தேடுங்கள். பழைய வட்டத்தின் பெயரும் பக்கத்து ஊர்களின் பெயர்களும் கையில் இருந்தால் தேடுவது எளிதாகும். தாளின் படி கிடைத்தால் கோடையில் நீர்மட்டம் வெகுவாக இறங்கும்போது அதை எடுத்துக்கொண்டு பண்ணவாடிப் பக்கம் செல்லுங்கள். அங்கே நீருக்கு வெளியே தலைகாட்டும் பழைய கோயில் நந்தியையும் தேவாலயக் கோபுரத்தையும் அடையாளமாக வைத்துக்கொண்டு, ஊர் எந்தத் திசையில் இருந்தது என்று நீங்களே கணித்துவிடலாம்.