இழுக்காதீர்கள், காத்திருங்கள்

கேள்வி: காப்பகத்திலிருந்து இரண்டு வயதுப் பூனை ஒன்றைத் தத்தெடுத்து ஐந்து நாட்கள் ஆகின்றன. கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. வெளியே இழுத்தால் சீறுகிறது. பிள்ளைகள் வாடிப்போயிருக்கிறார்கள். "இது ஒட்டாது, திருப்பிக் கொடுத்துவிட்டுக் குட்டியாகப் பார்த்து எடுத்து வாருங்கள்" என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் இழுப்பதை நிறுத்துங்கள். இன்றே.

பழகிய மணம் ஒன்றுகூட இல்லாத வீடு, தெரியாத குரல்கள், ஒளிந்த இடத்துக்குள்ளும் நீண்டு வருகிற கை. சீறாமல் வேறென்ன செய்யும்? ஒளிந்திருப்பது பூனை தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் வழி. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள். பெட்டி கிடைத்தவைதான் சீக்கிரம் பதற்றம் தணிந்தன. நீங்களோ இருந்த ஒரே மறைவிடத்தையும் பறிக்கப் பார்க்கிறீர்கள்.

முழு வீட்டையும் ஒரேயடியாகத் திறந்துவிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சந்தடியில்லாத ஓர் அறை போதும். ஒரு மூலையில் உணவும் நீரும், எதிர்மூலையில் மணல் தட்டு. உண்ணும் இடத்துக்கு அருகே கழிக்கப் பூனைக்குப் பிடிக்காது. பக்கவாட்டில் திறந்த அட்டைப்பெட்டி ஒன்று, அதற்குள் பழைய துணி. அந்தத் துணியைத் துவைத்துவிடாதீர்கள். அதில் ஏறும் தன் மணத்தை வைத்துத்தான் பூனை ஓர் இடத்தைத் தன்னுடையது என்று அறிகிறது. காப்பகத்தில் தின்ற அதே உணவையே இப்போதைக்குக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கும் வேலை இருக்கிறது. தரையில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் கதைப் புத்தகம் வாசிக்கட்டும். உற்றுப் பார்க்க வேண்டாம். பூனைக்கு அது மிரட்டல். அது தங்களைப் பார்க்கும்போது கண்களை மெதுவாகச் சுருக்கி மூடித் திறக்கட்டும். இப்படிச் செய்தவர்களைப் பூனைகள் கூடுதலாக நெருங்கி வந்ததை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் பதிவுசெய்திருக்கிறார்கள். பூனையும் பதிலுக்குக் கண் சுருக்கும் நாளில் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள்!

உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான செய்தி விடுபட்டிருக்கிறது: அது சாப்பிடுகிறதா? இரவில் வீடு உறங்கிய பிறகு தட்டு காலியாகி, மணலும் கிளறப்பட்டிருந்தால் அஞ்ச வேண்டாம். ஒரு நாள் முழுக்க எதுவுமே தின்னவில்லை என்றால் கால்நடை மருத்துவரை அழையுங்கள். பூனை பல நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தால் அடுத்த நாள்வரைகூடப் பொறுக்கக் கூடாது.

திருப்பிக் கொடுக்கச் சொல்லும் உறவினர்கள் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது. குட்டியும் புது வீட்டில் ஒளியும். இந்தப் பூனையோ மீண்டும் ஓர் அந்நியக் கூண்டில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதிர்ச்சி தணிய 3 நாள், வீட்டின் நடைமுறை பிடிபட 3 வாரம், மனம் ஒட்ட 3 மாதம் என்பது பூனை வளர்ப்பவர்கள் சொல்லும் உத்தேசக் கணக்கு. மிரண்ட பூனைக்கு இன்னும் கூடுதலாகும்.

அது தானாக வெளியே வரும் இரவில் தாவி எடுத்துக் கொஞ்சிவிடாதீர்கள். அதன் மூக்கின் உயரத்துக்கு ஒரு விரலை நீட்டி அசையாமல் இருங்கள். முகர்ந்து கன்னத்தைத் தேய்த்தால் கன்னத்தை மட்டும் வருடுங்கள். முகம் திருப்பினால் விரலை எடுத்துக்கொண்டு, மறுநாள் அதே இடத்தில் மீண்டும் உட்காருங்கள்.