பூனைக்கு வீட்டில் தயாரிக்கும் பச்சை இறைச்சி உணவில் முட்டையின் மஞ்சள் கருவைச் சேர்க்கலாமா? அரைத்த கோழிக்கறியோடு தினமும் ஒரு முழு மஞ்சள் கரு கொடுக்கலாமா?

தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் கேள்வியில் சொல்லியிருப்பது போல, அரைத்த கோழிக்கறியோடு தினமும் ஒரு முழு மஞ்சள் கரு என்பது அதிகம். ஒரு மஞ்சள் கருவில் சுமார் 55 கலோரி இருக்கிறது. நாலு கிலோ எடையுள்ள வீட்டுப் பூனைக்கு நாள் முழுவதற்கும் தேவைப்படுவதே 200 முதல் 250 கலோரிதான். கால் வயிறு முட்டையிலேயே நிறைந்துவிட்டால் கறிக்கு ஏது இடம்? நான் ஒரு கிலோ கறிக்கு இரண்டு மஞ்சள் கரு என்று வைத்திருக்கிறேன்.

மஞ்சள் கரு ஏன் நல்லது என்றால், பூனையின் உடம்பு சில விஷயங்களில் சரியான சோம்பேறி. காரட்டில் இருக்கும் நிறமியை வைட்டமின் ஏ ஆக மாற்றத் தெரியாது. நாள் முழுக்க வெயிலில் படுத்துக் கிடந்தாலும் தேவையான வைட்டமின் டி அதன் தோலில் உருவாகாது. அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பையும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றுமே மஞ்சள் கருவில் இருக்கின்றன. அதற்காக ஈரலை நிறுத்திவிடாதீர்கள். வைட்டமின் ஏ விஷயத்தில் ஈரலுக்குப் பக்கத்தில் மஞ்சள் கரு நிற்க முடியாது. (நாட்டுக்கோழி முட்டையின் கரு அடர்ந்த ஆரஞ்சாக இருக்கிறதே என்று கூடுதல் காசு கொடுப்பவர்களுக்கு: அந்த நிறம் பெரும்பாலும் கோழி தின்ற தீனியிலிருந்து வருவது. பூனைக்கு அதனால் தனி லாபம் இல்லை.)

பச்சை வெள்ளைக் கரு வேண்டாம். அதில் உள்ள அவிடின் என்ற புரதம், பயோட்டின் என்ற பி வகை வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேகவைத்தால் அந்தப் பிரச்சினை போய்விடும்.

எனக்கு உண்மையில் கவலை தருவது முட்டை இல்லை, கேள்வியில் காணாமல் போன இரண்டு சங்கதிகள். ஒன்று, கால்சியம். எலும்பில்லாத கறியில் கால்சியத்தைப் போலப் பதினைந்து இருபது மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. மஞ்சள் கருவிலும் பாஸ்பரஸ் மூன்று மடங்கு. இப்படியே போனால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். குட்டிகளுக்குக் கால் வளைந்து, எலும்பு முறியும். முட்டை ஓட்டைக் கொதிக்க வைத்து, காய வைத்து, மிக்சியில் மாவாக அரைத்து ஒரு கிலோ கறிக்கு ஐந்தாறு கிராம் சேர்த்தால் ஓரளவு சரிக்கட்டலாம். இன்னொன்று, பூனை உணவிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டிய டாரின் என்ற அமினோ அமிலம். அது முட்டையில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டாரின் குறைந்தால் பூனைக்குப் பார்வை போகும், இதயத் தசை தளரும். 1987-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த இதய நோயின் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் கடை உணவுகளிலேயே டாரினின் அளவைக் கூட்டினார்கள். கோழியின் நெஞ்சுக்கறியை விடத் தொடைக்கறியிலும் இதயத்திலும் டாரின் அதிகம். கோழிக்கடையில் ஈரல் கேட்டால் இதயமும் சேர்ந்தே வரும், தூக்கிப் போடாதீர்கள். அதோடு டாரின் பொடியும் கலப்பது பாதுகாப்பு; அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, பச்சையாகவா வேகவைத்தா? நான் வேகவைக்கும் கட்சி. நம் ஊரில் முட்டை, கடையில் வெளியிலேயே அட்டையில் அடுக்கி இருக்கும். ஓட்டில் எச்சமும் ஒட்டியிருக்கும். அதிலிருந்து வரும் சால்மோனெல்லா என்ற கிருமி பூனையை விட்டுவிட்டாலும், தட்டைக் கழுவும் நம்மை விடாது. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வெளியே போகாத ஒரு வீட்டுப் பூனை பச்சை வான்கோழி உணவு தின்று பறவைக் காய்ச்சலில் இறந்தது. அதைப் படித்த பிறகு கறியையும் லேசாக வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் சேர்த்தே கொடுக்கிறேன். டாரின் தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால் வடிகட்டுவதில்லை.

முட்டையைக் கெட்டியாக அவித்து, மஞ்சள் கருவைக் கறி வெந்த தண்ணீர் ஒரு கரண்டி விட்டு விரலால் குழைத்தால் பசை மாதிரி வரும். உதிரியாகப் போட்டால் என் வீட்டுப் பெரிய பூனை பொடியை மட்டும் நக்கிவிட்டுக் கறியை அப்படியே விட்டுப் போய்விடும். குழைத்தால் அந்தத் தந்திரம் நடக்காது.

உங்கள் பூனைக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் பாஸ்பரஸ் காரணமாகவும், கணையத்தில் அழற்சி வந்திருந்தால் கொழுப்பு காரணமாகவும் மருத்துவரைக் கேட்காமல் மஞ்சள் கரு கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே குண்டாக இருக்கும் பூனைக்கு வாரத்தில் ஒன்று போதும்.